செருப்பைக் கழற்றச் சொல்லாத மருத்துவம்

இந்தியாவில் நீரிழிவு நோயாளியிடம் கேட்கப்படும் முதற்கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒன்றே: "சர்க்கரை எவ்வளவு?" வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்ட பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு. மருத்துவர் கேட்கிறார், உறவினர் கேட்கிறார், காலை நடையில் எதிர்ப்படும் சக பேராசிரியரும் கேட்கிறார். "எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? செருப்பு கழன்று விழுந்தால் தெரிகிறதா? இரவில் பாதம் எரிகிறதா?" என்று கேட்பவரைக் காண்பது அரிது. கூட்டம் அதிகம், நேரம் குறைவு, நாடு ஏழை என்று இதற்குக் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் காரணங்கள் இங்கே பொருந்தா என்பதே இப்பதிவின் வாதம். கேட்காமல் விடுவது ஒரு பழக்கம். மருத்துவப் பயிற்சி அதைக் கற்றுத்தருகிறது. அரசுத் திட்டங்கள் அதற்கு முத்திரை குத்துகின்றன. படித்தவர்களாகிய நாம் அதையே அறிவியல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

முதலில் அளவைப் பார்ப்போம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு தழுவி நடந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. நீரிழிவு உள்ளோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்பது அதன் மதிப்பீடு. நீரிழிவாளர்களில் பாதிப்பேர் வரை வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் நரம்புச் சேதத்துக்கு ஆளாகக்கூடும் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கணக்கு. அவர்களிலும் பாதிப்பேர் வரை எந்த வலியையும் எரிச்சலையும் உணராமல் இருக்கலாம். உணர்வு போய்விட்டது என்பதை உணர்வதற்கும் உணர்வு வேண்டுமல்லவா? ஆகவே நோயாளி தானாக வந்து சொல்லுவார் என்று காத்திருப்பது, பார்வையற்றவர் வந்து விளக்கு அணைந்துவிட்டது என்று சொல்லுவார் எனக் காத்திருப்பதற்கு ஒப்பாகும்.

இச்சேதம் இரு வழிகளில் ஒருவரை வீழ்த்துகிறது. வீழ்த்துகிறது என்ற சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எழுதுகிறேன்.

ஒன்று, பாதத்தின் வழி. உடலின் மிக நீளமான நரம்புகளே முதலில் கெடுகின்றன. எனவே கால்விரல் நுனியில் தொடங்கும் மதமதப்பு, காலுறை அணிந்தாற்போல மெல்ல மேலேறுகிறது. நாம் நிமிர்ந்து நிற்பதற்குக் கண், உட்காது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் வரும் நிலையுணர்வு ஆகிய மூன்றும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பாதத்தின் செய்தி நின்றுபோனவர் பகலில் கண்ணை நம்பி நடக்கிறார். இரவில் மின்சாரம் போனால், குளியலறையில் கண்ணை மூடித் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால், முகத்தில் சோப்பு போட்டுக் குனிந்தால், அவர் தள்ளாடுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரோம்பெர்க் என்னும் ஜெர்மானிய மருத்துவர் வேறொரு நரம்புநோயில் விவரித்த அடையாளம் இதுவே: கண் திறந்திருந்தால் நிற்பார், மூடினால் சாய்வார். அதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவையில்லை. அருகில் தாங்கிக்கொள்ள ஒருவர் நின்றால் போதும்.

மற்றொன்று, இரத்த ஓட்டத்தின் வழி. நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கால்களையும் வயிற்றையும் நோக்கி இறங்குகிறது. நம் கட்டளைக்குக் காத்திராமல் தாமே இயங்கும் தன்னியக்க நரம்புகள் அந்நொடியே குருதிக்குழாய்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் காக்கின்றன. நீரிழிவு இந்த நரம்புகளையும் அரிக்கிறது. அப்போது எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சரிகிறது, கண் இருட்டுகிறது, பிடரியும் தோளும் வலிக்கின்றன, சிலர் அப்படியே விழுகிறார்கள். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளிகளோ கீழ் அழுத்தம் 10 புள்ளிகளோ குறைந்தால் அது நோய் என்று வரையறுத்திருக்கிறார்கள். அழுத்தம் அவ்வளவு சரிந்தும் நாடித் துடிப்பு போதிய அளவு கூடவில்லையென்றால் நரம்பே கெட்டிருக்கிறது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். இதைக் கண்டறிய வேண்டிய கருவி ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மேசைமேல் இருக்கும் அதே இரத்த அழுத்தமானிதான். நோயாளியை ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். நம் நாட்டிலோ அழுத்தம் உட்காரவைத்தே அளக்கப்படுகிறது. நின்றால் வரும் நோயை உட்காரவைத்துத் தேடினால் எப்படி அகப்படும்?

இங்கே மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் பேசும் நோயாளி தன் நிலையை நுட்பமாகவே சொல்லுகிறார். "கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது" என்றால் அழுத்தச் சரிவு. "புரண்டு படுத்தால் அறையே சுழலுகிறது" என்றால் பெரும்பாலும் உட்காதின் கோளாறு. "பஞ்சின்மேல் நடப்பதுபோல இருக்கிறது" என்றால் பாத நரம்பு. "கைநடுங்கி, வியர்த்து, பசித்து, மயக்கம் வருகிறது" என்றால் சர்க்கரைத் தாழ்வு. நான்கு வாக்கியங்கள், நான்கு வெவ்வேறு நோய்கள், நான்கு வெவ்வேறு மருத்துவங்கள். இந்த நான்கும் மருந்துச்சீட்டில் 'கிடினெஸ்' என்ற ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. இந்தியும் வங்கமும் தெலுங்கும் பேசும் நோயாளிகளுக்கும் இதே கதிதான். கேட்கத் தெரிந்த செவி ஒன்று இருந்திருந்தால் நோயாளியின் சொல்லே பாதி நோயறிதலாக இருந்திருக்கும்.

அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பிறகு நடப்பது நாடறிந்த சடங்கு. கழுத்துக்கு ஊடுகதிர்ப் படம். ஐம்பதைத் தாண்டிய யார் கழுத்தைப் படமெடுத்தாலும் எலும்புத் தேய்மானம் தெரியும். எனவே தலைசுற்றலுக்குக் கழுத்தே காரணம் என்று தீர்ப்பாகிறது. கழுத்துப்பட்டை ஒன்று, உட்காதுக்கான பீட்டாஹிஸ்டின் மாத்திரை ஒன்று, 'நரம்புக்குச் சத்து' என்று ஒன்று. நின்றால் சரியும் இரத்த அழுத்தத்தை இம்மூன்றில் எதுவும் தாங்கிப் பிடிக்காது. படுக்கையில் புரண்டால் சுழலும் உட்காதுக் கோளாறுக்கோ மாத்திரையே வேண்டியதில்லை. தலையை முறைப்படி திருப்பிச் செய்யும் எப்லி பயிற்சி பலரை ஓரிரு அமர்வுகளில் குணமாக்குகிறது. அதைச் செய்துபார்க்காமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கவைப்பதை மருத்துவம் என்று எப்படி அழைப்பது?

இதனினும் கொடிய முரண் ஒன்றுண்டு. பாத எரிச்சலுக்கு எழுதப்படும் மருந்துகளே தலைசுற்றலைத் தரவல்லவை. பிரெகாபலினும் காபாபென்டினும் கிறுகிறுப்பையும் தூக்கத்தையும் உண்டாக்குகின்றன. அமிட்ரிப்டிலின் நிற்கும்போது அழுத்தத்தை இன்னும் சரியவைக்கிறது. இவற்றோடு இரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பெருக்கி, முதிய ஆண்களுக்குப் புரோஸ்டேட் மாத்திரை ஆகியவை வெவ்வேறு மருத்துவர்களின் சீட்டுகளிலிருந்து ஒரே வயிற்றில் வந்து சேருகின்றன. தலைசுற்றுகிறது என்று சொன்னால் அதற்கும் ஒரு மாத்திரை கூடுகிறது. எல்லாச் சீட்டுகளையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் யார் என்பதே கேள்வி. பதில் யாருமில்லை என்பதானால், அந்நோயாளிக்கு மருத்துவர்கள் பலர் இருந்தும் மருத்துவம் இல்லை. மருந்துகள் கெட்டவை என்று நான் சொல்லவரவில்லை. எரிச்சலால் உறக்கமிழந்தவருக்கு அவை பெருந்துணை. இதை வாசித்துவிட்டு யாரும் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். நின்ற அழுத்தத்தை அளந்து பார்க்காமல் அவற்றை எழுதுவதையே கண்டிக்கிறேன்.

பி12 கதையும் இப்படித்தான். நீரிழிவுக்கு மிகுதியாகத் தரப்படும் மெட்ஃபார்மின் நல்ல மருந்து, மலிவான மருந்து. பல்லாண்டு உண்டால் சிலருக்கு உடலில் பி12 குறைகிறது. பி12 குறைந்தால் அதுவே தனியாக நரம்பைக் கெடுக்கும். மரக்கறி உணவு மட்டும் உண்போருக்கு இந்த ஆபத்து கூடுதல். எனவே நீண்டகாலம் மெட்ஃபார்மின் உண்பவருக்கு அவ்வப்போது பி12 அளவைச் சோதிக்க வேண்டும் என்று பன்னாட்டு வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. இங்கே சோதனையைத் தாண்டிக் குதித்து, மெத்தில்கோபாலமினும் பிரெகாபலினும் ஒன்றாய்ச் சேர்ந்த மாத்திரை எழுதப்படுகிறது. குறைபாடு இருந்ததா, தீர்ந்ததா, மாத்திரை போதுமா, ஊசி வேண்டுமா என்பது கடைசிவரை தெரிவதில்லை. 'நரம்புச் சத்து' என்று பல வைட்டமின்களைக் கலந்து விற்கப்படும் மாத்திரைகளில் பி6 உண்டு. அதை மிகுந்த அளவில் நெடுங்காலம் உண்டால் அதுவே நரம்பைச் சிதைக்கும் என்பதை மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை.

இத்தனைக்கும் நடுவே நோயாளிக்குக் கிடைப்பது ஓர் அறிவுரை: "கட்டுப்பாட்டில் வையுங்கள்." இந்தக் 'கட்டுப்பாடு' என்ற சொல் மருத்துவத்திலிருந்து ஒழுக்கத்துக்குத் தாவிவிட்ட சொல். பாதம் மரத்தவர் வாயைக் கட்டாதவர், நடக்காதவர், சோம்பேறி என்று மறைமுகமாகத் தீர்ப்பளிக்கிறது. அறிவியல் இவ்வளவு எளிய தீர்ப்பை வழங்கவில்லை. முதல் வகை நீரிழிவில் தீவிரச் சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்புச் சேதத்தைப் பெரிதும் குறைத்தது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பேராய்வு 1993இல் நிறுவியது. இந்தியாவில் மிகப் பெரும்பாலோருக்கு உள்ள இரண்டாம் வகையில் அந்தப் பயன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. அவ்வகையினரிடம் சர்க்கரையை மிகத் தீவிரமாகக் குறைத்துப் பார்த்த மற்றோர் ஆய்வில் இறப்பு கூடியதால் 2008இல் அந்தப் பகுதி முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது தேவை. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் நரம்புக்கும் அது தேவை. ஆயினும் நல்ல எண் வைத்திருப்பவருக்கும் பாதம் மரக்கும், தலை சுற்றும். அவரிடம் "உங்கள் எண் நன்றாக இருக்கிறது, கவலை வேண்டாம்" என்று சொல்லி அனுப்புவதும், எண் கெட்டவரிடம் "எல்லாம் உங்களால்தான்" என்று சொல்லி அனுப்புவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். இருவர் பாதத்தையும் யாரும் பார்க்கவில்லை. ஏசுவார்களே என்று அஞ்சும் நோயாளி, விழுந்ததையும் மறைக்கிறார்.

இந்த அலட்சியம் நம் மண்ணில் நிகழ்வதுதான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. உணர்விழந்த பாதத்தைப் பற்றி உலகம் கற்ற பாடத்தில் பெரும்பகுதி இந்தியாவில் எழுதப்பட்டது. 1914இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராகப் பணியாற்றினார். தொழுநோயாளியின் விரல்கள் நோயால் அழுகி உதிர்கின்றன என்று அன்று எல்லாரும் நம்பினர். வலி தெரியாததால் சூட்டிலும் அழுத்தத்திலும் வெட்டுக்காயத்திலும் அவர்கள் தம்மையறியாமல் விரல்களை இழக்கிறார்கள் என்று பிராண்டும் அவர்தம் தோழர்களும் காட்டினர். ஆகவே பாதத்தைக் காப்பது நுண்ணறைகொண்ட மென்ரப்பர் அடித்தளமிட்ட காலணியும் நாள்தோறும் பாதத்தைப் பார்க்கும் பழக்கமும்தான். 1966இல் அவர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றார். வேலூரில் கற்றவை அங்கிருந்து நீரிழிவுப் பாதத்துக்குக் கைமாறின. உள்ளங்காலில் வைத்து வளையும்வரை அழுத்திச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையின் அளவு, கார்வில்லில் 1980களில் தொழுநோயாளிகளையும் நீரிழிவாளர்களையும் சோதித்து உறுதிசெய்யப்பட்டது. இன்று உலகெங்கும் அந்த இழையே அளவுகோல். அதைத் தோற்றுவித்த அறிவுக்குத் தாய்வீடான நாட்டில், நீரிழிவு மருத்துவரின் அறைக்குள் நோயாளி செருப்போடு நுழைந்து செருப்போடு வெளியேறுகிறார். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டம் மரத்த பாதமுடையோருக்கு அந்த மென்ரப்பர் காலணியை இலவசமாக வழங்குகிறது. அதேபோல் மரத்த பாதமுடைய நீரிழிவாளருக்கு நாடு தழுவிய உரிமையாக அது இன்னும் நீட்டப்படவில்லை. நோயின் பெயர் வேறு என்பதால் பாதத்தின் தேவை வேறாகிவிடுமா?

எதிர்வாதங்களை அறிவேன். "புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம்தான், இதற்கெல்லாம் நேரமேது?" மருத்துவருக்கு நேரமில்லை என்பது மெய். ஆனால் நைலான் இழையும் 128 அதிர்வெண் இசைக்கவையும் நின்ற அழுத்தமும் மருத்துவரின் கையைக் கோரவில்லை. செவிலியரும் பயிற்சி பெற்ற களப்பணியாளரும் வரிசையில் காத்திருக்கும் நேரத்திலேயே செய்யலாம். ஆண்டுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் போதும். "நரம்புச் சேதத்துக்குக் குணமில்லையே, கண்டறிந்து என்ன பயன்?" கெட்ட நரம்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை என்பது உண்மையே. விழுவதைத் தடுக்கலாம், புண்ணைத் தடுக்கலாம், பி12 குறைவை நிரப்பலாம், மருந்துகளை மாற்றியமைக்கலாம். காலை இழந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் ஒரு சிறு புண்ணோடு தொடங்கியவர்கள். குணமில்லாத நோயில் காப்பதற்கே மதிப்பு அதிகம். "நோயாளியே பாதத்தைக் கவனிக்க வேண்டாமா?" வேண்டும். கவனிக்கச் சொல்லித்தந்தவர் யார் என்று மட்டும் கேட்கிறேன்.

சொல்லித்தரப்பட வேண்டியவை எளியவை. படுக்கையிலிருந்து ஒரேயடியாக எழாமல், ஓரத்தில் ஓரிரு நிமிடம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசைத்து, பிறகு பிடித்துக்கொண்டு எழுதல். கண் இருட்டினால் உடனே உட்காருதல் அல்லது படுத்தல். காலையில் எழுமுன் இரு குவளைத் தண்ணீர், இதய நோயும் சிறுநீரக நோயும் இல்லையென்றால். மிகுந்த உணவை ஒரே வேளையில் உண்ணாமை. உண்டபின்னும் அழுத்தம் சரியும். வெந்நீர்க் குளியலிலும் குந்தி அமரும் கழிப்பறையிலும் கூடுதல் எச்சரிக்கை. சுவரில் ஒரு பிடிகம்பி. இரவு வழியில் சிறு விளக்கு. தலைசுற்றும்போது இயன்றால் சர்க்கரையை அளத்தல்; 70க்குக் கீழிருந்தால் உடனே சர்க்கரை உண்ணுதல், அளக்கக் கருவி இல்லையெனினும் ஐயமிருந்தால் உண்ணுதல். தன்னியக்க நரம்பு கெட்டவருக்கு நடுக்கமும் வியர்வையும் வராமலே சர்க்கரை தாழக்கூடும் என்பதை வீட்டாரும் அறிந்திருத்தல். நாள்தோறும் உள்ளங்காலைக் கண்ணாடியிலோ பிறர் கண்ணாலோ பார்த்தல். செருப்பை உதறிப் போடுதல். வெயிலில் சுடும் கோவில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்காமை. வடநாட்டுக் குளிர்காலத்தில் அங்கீட்டிக்கும் ஹீட்டருக்கும் வெந்நீர்ப் பைக்கும் அருகே மரத்த பாதத்தை நீட்டாமை. கால் தசைக்கும் நிலைகாப்புக்குமான பயிற்சி. இவற்றோடும் அழுத்தச் சரிவு நீடித்தால் அதற்கென மருந்துகளும் உள்ளன; அவை படுக்கும்போது அழுத்தத்தை ஏற்றக்கூடியவை, ஆதலால் மருத்துவரின் கண்காணிப்பில்.

இறுதியாக, இதை வாசிக்கும் ஆய்வுலகத்தாரிடம். நம் கல்லூரிகளின் நூலகங்களில் நீரிழிவாளரின் 'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' பற்றிய ஆய்வேடுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. நோயாளிக்குப் பாதப் பராமரிப்பு தெரியுமா என்று வினாநிரல் கேட்கிறது. அவர்கள் பெற்ற மதிப்பெண் குறைவு என்று முடிவுரை வருந்துகிறது. விழிப்புணர்வு தேவை என்று பரிந்துரை முடிகிறது. "கடந்த ஓராண்டில் யாரேனும் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்களா? நிற்கவைத்து அழுத்தம் அளந்தார்களா?" என்ற இரண்டு கேள்விகளை அதே வினாநிரலில் சேர்க்க எவ்வளவு செலவாகும்? நோயாளியின் அறியாமையை அளக்கும் ஆய்வு யாரையும் சங்கடப்படுத்தாது. அமைப்பின் அறியாமையை அளக்கும் ஆய்வு சங்கடப்படுத்தும். அதனாலேயே முதலாவது பெருகுகிறது.

பல்கலைக்கழகங்கள் தம் வளாகத்திலேயே தொடங்கலாம். மூன்று மணிநேரம் நின்றபடி தேர்வு மேற்பார்வையிடும் ஐம்பது வயது ஆசிரியருக்கு நாற்காலி கேட்பது சலுகையன்று. வளாக மருத்துவ மையத்தில் ஓர் இழை, ஓர் இசைக்கவை, படுக்கவும் நிற்கவும் இடம், ஒரு செவிலியர். பணியாளர், காவலர், துப்புரவாளர் உட்பட அனைவருக்கும் ஆண்டுக்கொரு சோதனை. செவிலியர், இயன்முறை மருத்துவ மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பயிற்சி ஏது? சில மாநில அரசுகள் பாதப் பரிசோதனையைத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. அது முகாம் நாளோடு முடியாமல் ஒவ்வொரு நீரிழிவுச் சீட்டிலும் கட்டாயக் கட்டமாக அச்சிடப்பட வேண்டும். சர்க்கரை அளவுக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல் பாத உணர்வுக்கு ஒரு கட்டம், நின்ற அழுத்தத்துக்கு ஒரு கட்டம். நிரப்பப்படாத கட்டம் கேள்வி கேட்கும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அடுத்தமுறை தாய் தந்தையரையோ ஆசிரியரையோ நீரிழிவு மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது, சர்க்கரை எண் பேசி முடிந்தபின் எழுந்துவிடாதீர்கள். "பாதத்தை ஒருமுறை பாருங்கள், நிற்கவைத்து அழுத்தம் ஒருமுறை அளந்துவிடுங்கள்" என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள். கேட்பவர் பலரானால் பழக்கம் மாறும்.